டாங்கி மூடியில் ஒரு வளையம்

அந்த ஃபில்டரை அந்த இடத்தில் வைத்தவன் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது அதைக் கழற்றியிருக்க மாட்டான். எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது. கீழே படுத்துப் பார்த்தாலும் தெரியாது. இன்ஜினுக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவே, காற்றுக் குழாய்க்கு அடியில், ஒரு கை மட்டும் நுழைகிற இடுக்கில் ஒளிந்துகொண்டிருக்கும். அந்த ஒரு கையும் முழுதாகப் போக வேண்டுமென்றால் முதலில் பேட்டரியை இறக்கி, அது உட்கார்ந்திருக்கும் தட்டையும் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகு கண்ணுக்கு வேலையே இல்லை. விரலால் தடவித்தான் எல்லாம். தடவுகிற விரலுக்கு இந்தப் பக்கம் கூரான தகடு, அந்தப் பக்கம் கொதிக்கிற இரும்பு. என் வலது கையில் இன்றைக்கும் முடி முளைக்காத இடங்கள் இருக்கின்றன.

இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பிக்கப் டிரைவராக இருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி அது. தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் எடுத்திருந்தார்கள். புது வண்டி வருகிறது, புது வண்டி வருகிறது என்று மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்தது எங்கேயோ யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிவிட்ட ஒரு ஜப்பான் டீசல் பிக்கப். பெயின்ட் மட்டும்தான் புதுசு. அதைத்தான் தோட்டத்து மானேஜர் துரை என்னிடம் சாவியோடு கொடுத்து, பிள்ளையைப் போல பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பிள்ளை! அந்தச் சனியன்தான் மேல் டிவிஷனிலிருந்து ரப்பர் பால் ஏற்றி இறக்கவேண்டும். அரிசி, மாவு மூட்டை ஏற்றவேண்டும். கிளினிக் நாளில் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். துரையின் நாய்க்கு ஊசி போடவும் அதுதான் போகும். இவ்வளவுக்கும் ஒரு டிரைவர், அது நான். மெக்கானிக் என்று தனியாக யாரும் கிடையாது, அதுவும் நான்தான்.

டீசலில் இருக்கிற தூசு தும்பை வடிகட்டுவதுதான் ஃபில்டரின் வேலை. அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு எண்ணெய் போகாது. வண்டி இருமும், குலுங்கும், பிறகு நின்றுவிடும். என் வண்டியில் இரண்டு ஃபில்டர்கள். பெரியது நான் சொன்ன அந்த இடுக்கில். சின்னது பின்னால், டாங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே. அதை எட்ட வேண்டுமென்றால் டாங்கியைத் தாங்குகிற பட்டையை இளக்க வேண்டும். இரண்டையும் ஒரே கழுதைதான் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

ஒழுங்கான வண்டியில் ஒருதடவை மாற்றினால் பல மாதம் தாங்கும். இதற்கும் முதல் வருஷம் அப்படித்தான் தாங்கியது. இரண்டாம் வருஷம் மழை தொடங்கிய பிறகுதான் பிடித்தது ஏழரை. மாற்றிப் பத்து நாள் ஆகாது, மேட்டில் ஏறும்போது இருமல் தொடங்கும். மறுபடி பேட்டரியை இறக்கு, தட்டைக் கழற்று, கையை விடு. ஃபில்டர் ரெஞ்ச் அந்த இடுக்குக்குள் போகாது. பழைய விசிறிப் பட்டையை ஃபில்டரைச் சுற்றிப் போட்டு, நுனியை முறுக்கி இழுப்பேன். வழுக்கும். உப்புத்தாள் சுற்றி இழுப்பேன். அப்போதும் வழுக்கும். கடைசியில் பொறுமை போய், ஸ்க்ரூடிரைவரை ஃபில்டரின் வயிற்றிலேயே குத்தி நெம்புவேன். திரும்பும். திரும்பின உடனே உள்ளே இருந்த டீசல் அவ்வளவும் என் கை வழியாக இறங்கி அக்குளுக்கு வந்து சேரும்.

புதுசைப் பூட்டுவது இன்னொரு எழவு. புரியில் ஏறியதா, கோணலாக ஏறியதா என்று கண்ணால் பார்க்க முடியாது. கோணலாக ஏறினால் ஒழுகும். ஒழுகினால் மறுபடி முதலிலிருந்து. அதெல்லாம் சரியாக வந்த பிறகு, குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒரு சின்ன ஆணியை இளக்கிவிட்டு, ஃபில்டர் தலையில் இருக்கிற பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அமுக்க வேண்டும். கட்டைவிரல் மரத்துப்போகும். வாய் மட்டும் மரக்காது. நான் அந்த நேரத்தில் பேசுகிற பேச்சைக் கேட்கக்கூடாது என்று, பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே மண் இல்லை, துரு இல்லை. மஞ்சளாக, சளி மாதிரி ஒன்று காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலில் எடுத்தால் நூலாக இழுபடும். தின்னர் போட்டுக் கழுவினாலும் விடாது. இது என்ன கருமம் என்று எனக்குப் புரியவில்லை. டவுனில் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "டீசல் ஹொந்த நே மல்லி" என்றார். டீசல் நல்லதில்லையாம், தம்பி! அதே பீப்பாயிலிருந்துதான் டிராக்டருக்கும் ஊற்றுகிறார்கள். டிராக்டர் மாடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி சும்மா நின்றாலும் பரவாயில்லை. பால் ஏற்றிக்கொண்டு நிற்கும். விடியுமுன் வெட்டி, சிரட்டை சிரட்டையாகச் சேர்த்த பால் அது. சரியான நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கேனுக்குள்ளேயே உறைந்துவிடும். உறைந்தால் வெள்ளைக் கிரேப் என்கிற உசத்தி ரப்பர் தாளுக்கு ஆகாது, மட்டமான ஒட்டுப்பாலோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒருநாள் கோயில் மேட்டில் நின்றது. நான் கையை உள்ளே விட்டுக்கொண்டு தொங்குகிறேன், பின்னால் கேன்களில் பால் தயிராகிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்து இறங்கி வந்த பால் வெட்டுகிற பெண் ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்னாண்ணே, எங்க பாலை வண்டியிலேயே ரப்பராக்கிட்டீங்களா? ஸ்டோரே வேணாம் போலருக்கே!"

ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் ரப்பர் ஃபாக்டரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளைக் கோபிக்கவும் முடியாது, அவள் காலையில் பட்ட பாடுதானே அது.

இன்னொரு நாள் ருவான்வெல்லை சந்தியிலேயே நின்றது. சண்டை நடக்கிற காலம். வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற ஒரு தமிழனை யார் சும்மா விடுவார்கள்? பொலிஸ்காரர் பூட்ஸால் என் காலைத் தட்டினார். ஐடென்டிகார்டைக் கொடுத்து, சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. பின்னால் இருந்த மாவு மூட்டைகளை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கம்பியால் குத்திப் பார்த்தார். பிறகு நானே மறுபடி ஏற்றினேன். ஏற்றி முடித்துவிட்டுத்தான் ஃபில்டரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

இப்படி மழைக்காலம் முழுக்கப் போனது. ஒருநாள் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். துரை சிங்களவர், தமிழ் உடைத்து உடைத்துப் பேசுவார். மேசையில் நான் வாங்கின ஃபில்டர்களின் பில்களும், நான் வெட்டிப்போட்ட ஒரு பழைய ஃபில்டரும் கிடந்தன. பக்கத்தில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிளாக்கர் நின்றிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை கசங்காத மனுஷர்.

"டிராக்டர் நிக்கிறது இல்லை. ஒன் வண்டி மட்டும் ஏன் நிக்கிறது?" என்றார் துரை.

"அதான் தொரை எனக்கும் வெளங்கல."

"எனக்கு வெளங்கிறது. நல்ல டீசல் வெளியே போறது. மண்ணெண்ணெய் உள்ளே வாறது. அதுதான் இந்தப் பிசின்."

நான் டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறேன் என்கிறார். வேறு தோட்டங்களில் டிரைவர்மார் அப்படிச் செய்து பிடிபட்டது எனக்கும் தெரியும். அதனால் நானும் செய்திருப்பேன் என்று முடிவே கட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஏதேதோ கத்தினேன். கிளாக்கர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

"தம்பி, கத்தி என்ன பிரயோசனம்? சனிக்கிழமை காலமை விசாரணை வைச்சிருக்கிறார். பிசின் எங்கையிருந்து வந்ததெண்டு காட்டும். காட்டாட்டி வண்டித் திறப்பையும் வாங்கி, வேலையிலயிருந்தும் நிப்பாட்டிப் போடுவார்."

வேலை போவது ஒரு பக்கம். வேறு தோட்டத்தில் போய்க் கேட்டால், அங்கே ஏன் நிறுத்தினார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். டீசல் கள்ளன் என்ற பெயரோடு எவன் வண்டி கொடுப்பான்? வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம் முடியப் போகிறது.

என் மனைவிக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் ரப்பர் ஃபாக்டரி. காய்ந்து வருகிற வெள்ளைக் கிரேப்பை மேசையில் விரித்து, அதில் தெரிகிற கறுப்புப் புள்ளிகளைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கிற பெண்களில் அவளும் ஒருத்தி. வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் காவல்காரன் முன்னால் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். முந்தின வருஷம் ஒருத்தி ஒழுகிற வாளியை அடைக்க ஒரு துண்டு கிரேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பிடிபட்டாள். உள்ளங்கை அளவுகூட இருக்காது. அவளை அடுத்த நாளே நிறுத்திவிட்டார்கள்.

மனைவிக்கு மசக்கை கடுமையாக இருந்தது. கிளினிக் நாளில் பிக்கப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவாள். வண்டியின் டாங்கி மூடியில் வாஷர் தேய்ந்து கொட்டிப்போயிருந்தது. குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் டீசல் தளும்பி வெளியே வழியும். அந்த நாற்றத்தில் கரவனெல்ல போய்ச் சேருவதற்குள் அவளுக்குக் குடலே வெளியே வந்துவிடும்.

"நீங்க வண்டி ஓட்டுறீங்களா, இல்ல டீசல் பீப்பாய உருட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்பாள்.

"மூக்கப் பொத்திக்க. மூடி கேட்டு எழுதிக் குடுத்துருக்கேன். வந்தா மாட்டுறேன்."

மூடி வரவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் நாற்றம் நின்றுவிட்டது. அவளும் வாந்தி எடுக்கவில்லை. மாசம் ஏற ஏற மசக்கை குறையும் என்பார்களே, அதுதான் என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்கு நான் ருவான்வெல்லை கடையில் வாங்கிக் கொடுத்த கிரேப் அடிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து நடப்பாள். வயிறு கனக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு என் பார்வை மறுபடி அந்த ஃபில்டர் பக்கம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை, காலைப் பாலை இறக்கிவிட்டு, இன்றைக்கு ஒன்று நான், இல்லை அந்த வண்டி என்று சட்டையைக் கழற்றிப் போட்டேன். டீசல் பீப்பாய் வைத்திருக்கிற அறையான சாமான் காம்பராவுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, பெரிய ஃபில்டரைக் கழற்றினேன். அதே சளி. பின்னால் போய், பட்டையை இளக்கி, முதுகு மண்ணில் தேயத் தேயச் சின்ன ஃபில்டரை உருவினேன். அதில் இன்னும் கட்டியாக இருந்தது. அப்படியென்றால் சனியன் டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. அடி நட்டைத் திறந்து டீசலை வாளிகளில் இறக்கினேன். நூல் நூலாக மிதந்து வந்தது. டாங்கிக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று மேலே மூடியைத் திருகித் திறந்தேன்.

அந்த மூடியை நான் திறந்து எவ்வளவோ காலம். டீசல் ஊற்றுவது சாமான் காம்பராப் பையனின் வேலை, பையன் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். திறப்பதும் மூடுவதும் அவன்தான். நான் சீட்டில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

மூடிக்கு உள்பக்கம் ஒரு வளையம் இருந்தது. வளையம் என்று சொல்ல முடியாது, ஊதி, உப்பி, கொழகொழவென்று தொங்கியது. பாதி கரைந்தே போயிருந்தது. பிய்த்து எடுத்து முகர்ந்தேன். டீசல் நாற்றத்துக்கு அடியில் எங்கள் ரப்பர் வாசம். கிரேப்! சுத்தமான பச்சைக் கிரேப். வேக வைத்த ரப்பர் என்றால், டயரைப் போல, டீசலைத் தாங்கும். பச்சைக் கிரேப் டீசல் பட்டால் கரைந்து ஓடும். அதைப் போய் டாங்கி மூடிக்கு வாஷராக எந்த மடையன் வைப்பான்? ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த ஆட்கள்தான் வைப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் கை தானாக ரப்பரைத்தான் தேடும்.

"டேய், இத வச்சது நீயா?" என்று சாமான் காம்பராப் பையனைப் பார்த்துக் கத்தினேன்.

"நான் இல்லண்ணே. நீங்க போட்டதுன்னுல்ல நெனச்சேன். நல்லா டைட்டா இருந்துச்சு."

மறுபடி அந்தக் கொழகொழப்பைப் பார்த்தேன். இரண்டு அரைவட்டத் துண்டுகள். நடுவில் நூல் போட்டுத் தைத்திருந்தது. நீல நூல். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அவள் சட்டை தைத்துக்கொண்டிருக்கிற அதே நீல நூல்.

வந்த கோபம் அப்படியே உடம்பில் நின்று, பிறகு பயமாக மாறியது. நாள் முழுக்க அவள் கையில் இருப்பது கிரேப்பும் கத்தரிக்கோலும். வேறு எங்கேயிருந்து வந்திருக்கும்? இதைக் கொண்டுபோய்த் துரை முன்னால் வைத்தால் என் தலை தப்பும். யார் வைத்தது என்று கேட்பார். அவள் வேலை போகும், ஏழு மாச வயிற்றோடு கள்ளி என்ற பெயரும் வரும். வைக்காவிட்டால் நான் கள்ளன். நல்லா மாட்டிவிட்டாயடி என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

நூலைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். வளையத்தை ஒரு சிரட்டையில் போட்டு மூடி வைத்தேன். வீட்டில் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பாள், பிறகு அவளுக்கும் தெரிந்ததாகிவிடும். ஒன்றும் தெரியாமல் இருந்தால்தான் அவளுக்கு நல்லது. அவள் வட்டிலில் சோறு போட்டு வைத்தாள். நான் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விசாரணையில் துரையின் மேசையில் சிரட்டையை வைத்தேன்.

"மொகத மே?" என்றார். இது என்ன என்கிறார்.

"கிரேப்புங்க தொரை. மூடிக்கு வாஷர் இல்ல. நான்தான் வெட்டி வச்சேன். அது கரைஞ்சுதான் ஃபில்டர் அடைக்குது. மண்ணெண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

துரை பென்சிலால் அதைக் கிளறினார். நூலாக இழுபட்டது. கிளாக்கர் குனிந்து பார்த்துவிட்டு, "உண்மைதான் சேர், பச்சை ரப்பர்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"கிரேப் எங்கே எடுத்தது?" என்றார் துரை.

"வண்டியில கெடந்ததுங்க. கிரேப் கட்டு ஏத்துறப்ப விழுந்த குப்பை."

"கிரேப் கட்டு லொறியில போறது. ஒன் வண்டியில எப்ப போனது?"

உண்மைதான், அந்த வருஷம் கிரேப் முழுக்கக் கம்பெனி லொறியில்தான் போனது. துரை நாற்காலியில் சாய்ந்தார். டீசல் கள்ளன் என்று கூப்பிட்டு வைத்தார், இப்போது கிரேப் கள்ளனும் ஆகிவிட்டேன். ஒரு குற்றத்தைக் கழுவப் போய் இன்னொன்றை நானே தலையில் ஊற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சிரட்டையை எடுத்துச் சுவரில் அடித்திருப்பேன்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. என் மனைவி. ஸ்டோரிலிருந்து நேராக வந்திருக்கிறாள், கத்தரிக்கோல் இடுப்புக் கயிற்றில் தொங்குகிறது, மூச்சு வாங்குகிறது. சாமான் காம்பராப் பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்தானே! அவன்தான் போய்ச் சொல்லியிருக்கிறான், அவளுக்குப் பின்னால் மறைந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொரை, அத வச்சது நான்தாங்க. அவருக்குத் தெரியாது."

"பேசாம போ புள்ள," என்றேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொரை. நான்தான் வச்சேன்."

"ஒரு வாஷர். ரெண்டு பேர் வைச்சது?" துரை கிளாக்கரைப் பார்த்தார். "பொரு. ரெண்டு பேரும் பொரு." பொய் என்கிறார். அவர் முகத்தில் முதல்தடவையாக ஒரு திருப்தி தெரிந்தது. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றினாள். பிறகு மற்றது. இரண்டையும் கொண்டுபோய் துரையின் மேசையில், அந்தச் சிரட்டைக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்தாள்.

"ஐயோ பிள்ளை! என்ன வேலை செய்யிறாய்? எடு, எடு!" கிளாக்கர் பதறிப்போனார். துரை மேசையில் செருப்பு வைத்த ஆளை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை.

துரை கையை நீட்டி அவரை நிறுத்தினார். செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இரண்டு செருப்பிலும் குதிகால் பக்கத்துக் கிரேப் அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தது. சுத்தமான வெட்டு, தினமும் கத்தரிக்கோல் பிடிக்கிற கை வெட்டினது.

"கிளினிக்கு போறப்ப டீசல் நாத்தம் தாங்கலங்க. மூடி கேட்டு எழுதியும் வரல. இவரு வண்டி கழுவ ஓடையில நிறுத்துனப்ப, என் செருப்புல வெட்டித் தச்சு வச்சேன். ஒரு செருப்பு அகலம் பத்தல, அதான் ரெண்டுலயும் வெட்டுனேன். தொரை வேணும்னா அளந்து பாருங்க. ஸ்டோர் கிரேப்புன்னா நான் ஏங்க ரெண்டு துண்டா தைக்கப் போறேன்? முழுசாவே வெட்டியிருப்பேனே."

துரை அளந்து பார்க்கவில்லை. பென்சிலை மேசையில் உருட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"ஹரி, ஹரி." சரி, சரி என்கிறார். "செருப்பை எடுத்துப் போ. கிளாக்கர், இந்த வண்டிக்கு ஒரு மூடி வாங்கு."

அவ்வளவுதான். கள்ளன் என்று கூப்பிட்டு வைத்தவர், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மூடியோடு கணக்கு முடிந்தது. நான் அங்கே நின்று கேட்டிருப்பேன். கிளாக்கர் கண்ணாலேயே வாசலைக் காட்டினார்.

வெளியே வந்தோம். எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் கலந்து, கால் தரையில் நிற்கவில்லை. அவள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாள் வயிறு கனத்துச் சாயவில்லை, செருப்பில் குதிகால் இல்லாமல் சாய்ந்திருக்கிறாள்.

"வச்சது வச்ச, என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன். "மாசக்கணக்கா அந்த இடுக்குக்குள்ள கைய விட்டு செத்துக்கிட்டு இருக்கேன்!"

"அதனாலதான் அடைக்குதுன்னு எனக்குத் தெரியுமா? தெரிஞ்சா வைப்பனா?" என்றாள். பிறகு, "நீங்க ஏன் நான்தான் வச்சேன்னு சொன்னீங்க?"

"ஒன்னைய காப்பாத்தத்தான்!" என் குரலில் பெருமை இருந்தது, இருந்ததுதான். "ஸ்டோர்லருந்து எடுத்தன்னு தெரிஞ்சா ஒன்னைய சும்மா விடுவாங்களா? போன வருஷம் அந்தப் புள்ளய நிப்பாட்டுனது மறந்துபோச்சா? அதான் என் தலையில போட்டுக்கிட்டேன்."

அவள் செருப்பு வாரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நான் ஸ்டோர்ல திருடுனேன்னு நெனச்சீங்களா?"

"வேற எங்கருந்துன்னு நெனைக்கிறது? கிரேப்பு..."

"நேத்து ராத்திரி சோறு போட்டனே. அப்பவும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுத் தின்னீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும்.

"தொரையாவது ஒங்களக் கூப்புட்டு வச்சுக் கேட்டாரு," என்றாள்.

எழுந்து, கத்தரிக்கோலைச் சரியாகத் தொங்கவிட்டுக்கொண்டு, பின்னால் சாய்ந்து சாய்ந்து ஸ்டோர் பக்கம் நடந்து போனாள். நான் பின்னாலேயே போயிருக்கலாம். சாமான் காம்பராவுக்குப் பின்னால் வண்டி பிரிந்து கிடந்தது, மேல் டிவிஷனில் பால் காத்திருந்தது. போய்ப் புது ஃபில்டரைப் பூட்டிவிட்டு, கட்டைவிரலால் பம்பை அமுக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தையும் வரவில்லை, நுரை நின்று நல்ல டீசல் வந்த பிறகும் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.